“இடையில் நிறுத்தாதீர்கள்”: வியாசர்பாடிப் பயிற்சி மையத்தில் அழிந்த கோப்புகள்

2024 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை இரவு, வியாசர்பாடியில் நாங்கள் நடத்தும் மாலைப் பயிற்சி மையத்தின் மடிக்கணினியில் இருந்தவை அத்தனையும் சில நிமிடங்களில் அழிந்தன. மையத்தில் கணக்குப் பாடம் எடுக்கும் இரண்டாம் ஆண்டுக் கல்லூரி மாணவி ஒருவர், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைக் கற்போருக்காக நாங்கள் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சந்தேகம் கேட்டார். பதிலாக வந்த ஒற்றை வரியை அப்படியே கணினியில் இட்டார். அனுப்பியவர் அதை வேடிக்கை என்று நினைத்து அனுப்பியிருந்தார்.

நடந்ததை விவரமாக எழுதிவைக்க வேண்டும் என்று மறுநாளே முடிவு செய்தேன். சம்பந்தப்பட்ட இருவரும் படித்து ஒப்புக்கொண்ட பிறகே இதை வெளியிடுகிறேன். யாருடைய பெயரும் இதில் இல்லை. அந்தக் கட்டளை வரியையும் இங்கே எழுதமாட்டேன். புரியாமல் அதை இட்டுப் பார்க்கக்கூடிய ஒருவர் இதைப் படிக்கலாம் என்பதை நான் இனி ஒருபோதும் மறக்கக் கூடாது.

கணினியில் என்ன இருந்தது

எங்கள் மையம் எம்.கே.பி. நகரை ஒட்டிய குடியிருப்பு ஒன்றின் மொட்டைமாடி அறை. மாலை ஆறு மணி முதல் எட்டரை வரை 43 பிள்ளைகள் வருகிறார்கள். மடிக்கணினி அந்த மாணவியின் அண்ணனுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு இலவச மடிக்கணினி. 2011இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் என்ற அரசு கணினி ஆய்வு நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. எங்கள் பகுதியில் பலருக்கு லினக்ஸ் என்ற சொல் முதன்முதலில் காதில் விழுந்தது அப்படித்தான். விண்டோஸ் மிகவும் மெதுவாகிவிடவே, இதில் லினக்ஸை மட்டும் வைத்துக்கொண்டோம்.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையின் தாழ்வான தெருக்களில் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது. தரைத்தளத்தில் வாழ்ந்தவர்கள் இழந்தவற்றில் மிகவும் வலித்தது காகிதம்தான். பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் அட்டை, மாற்றுச் சான்றிதழ், ரேஷன் அட்டை. நகல் வழங்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. அங்கேயும் பழைய எண்ணைக் கேட்டார்கள், பலரிடம் அது இல்லை. அந்த அனுபவத்துக்குப் பிறகு மாணவி ஒரு வேலையைத் தொடங்கினார். ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போய், மிஞ்சியிருந்த காகிதங்களைக் கைபேசியில் படமெடுத்து, பெயர் எழுதிய கோப்புறைகளில் அடுக்கினார். வெயிலில் காயவைத்து விரித்த காகிதங்களும் அவற்றில் இருந்தன. படம் எடுத்த சில வாரங்களிலேயே பூஞ்சை பிடித்துப் போன சான்றிதழ்களும் உண்டு. அவற்றுக்கு அந்தப் படம்தான் ஒரே சாட்சி.

இதோடு, பத்தாம் வகுப்புக் கணக்குக்கு அவர் இரண்டு ஆண்டுகளாகத் தமிழில் தட்டச்சு செய்துவந்த பயிற்சித் தாள்கள், ஏறக்குறைய 180 பக்கம். பாடநூலில் ஒரு கணக்குக்கு மூன்று படிகள் இருந்தால் இவருடைய தாளில் ஏழு படிகள் இருக்கும். எந்தப் படியில் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள் என்பதைப் பார்த்துப் பார்த்து எழுதியவை அவை.

படங்கள் பெருகியதால் ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது. அன்று இரவு அவர் ஒரு பென் டிரைவைச் செருகி, பிள்ளைகளின் படங்களை அதற்கு நகலெடுக்கத் தொடங்கியிருந்தார். 26 பேருடையவை போய்ச் சேர்ந்திருந்தன. அதற்குமேல் கணினி நகர மறுத்தது.

அந்த இரவு

குழுவில் 9.38க்குக் கேள்வி: “அண்ணா, டிஸ்க் நிரம்பிவிட்டது என்று வருகிறது. இடத்தை எப்படிக் காலி செய்வது?” 9.44க்கு ஒரு பதில், ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கொண்ட ஒரு வரி. 9.45க்கு அதே நபரிடமிருந்து தமிழில் இன்னொரு செய்தி: “இரண்டு மூன்று நிமிடம் ஆகும். இடையில் நிறுத்தாதீர்கள்.”

கைபேசியைப் பக்கத்தில் நிறுத்திவைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துத் தட்டச்சு செய்ததாக மாணவி சொன்னார். தவறு நேரக்கூடாது என்று இரண்டு முறை சரிபார்த்தாராம். கணினி கடவுச்சொல் கேட்டது, கொடுத்தார். அப்போது மணி 9.49 இருக்கலாம். திரையில் வரிகள் ஓடின. சில வரிகள் ‘அழிக்க முடியவில்லை’ என்று சொன்னதை அவர் படித்தார். தேவையானவற்றை அது தானே விட்டுவிடுகிறது போலும் என்று எண்ணிக்கொண்டார். இதற்குள் குழுவில் பதினொரு பேர் அந்தச் செய்திக்குச் சிரிப்பு எமோஜி போட்டிருந்தார்கள். 9.52க்கு அனுப்பியவரே, “சும்மா விளையாட்டுக்கு, யாரும் செய்துவிடாதீர்கள்” என்று எழுதினார். மாணவியின் கண் அப்போது கணினித் திரைமேல் இருந்தது.

திரை முகப்பிலிருந்த சின்னங்கள் ஒவ்வொன்றாக மறைந்தபோதுதான் அவருக்கு நெஞ்சு படபடத்தது. அப்போதும் அவர் நிறுத்தவில்லை. நிறுத்தக் கூடாது என்று சொல்லியிருந்தார்களே. எல்லாம் ஓய்ந்த பிறகு, நான் வகுப்பில் முதன்முதலில் கற்றுக்கொடுத்த, கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளையை இட்டார். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று கணினி பதில் சொன்னது. உடனே மின் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தார். அந்த இரவில் யாரும் சொல்லாமல் அவராகவே செய்த சரியான காரியம் அது.

நான் அந்த வரியை 9.50 வாக்கில், பேசின் பிரிட்ஜைத் தாண்டிய மின்சார ரயிலில் நின்றுகொண்டு பார்த்தேன். பழைய வேடிக்கை என்று தெரிந்தது. யாரும் நம்பமாட்டார்கள் என்று நினைத்துக் கைபேசியைச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். வியாசர்பாடி ஜீவாவில் இறங்கியபோது மாணவியிடமிருந்து அழைப்பு வந்தது. அவர் அழவில்லை. “அண்ணா, நான் என்ன தப்பாக அடித்தேன்?” என்று கேட்டார்.

அவர் எதையும் தப்பாக அடிக்கவில்லை.

ஒரு நட்சத்திரக் குறி

அந்த வரியின் வேலை எளிது. முழு நிர்வாகி உரிமையோடு, கேள்வி கேட்காமல், கோப்புறைகள் எல்லாம் கிளைவிடும் மரத்தின் வேரிலிருந்து எல்லாவற்றையும் அழி என்பதுதான் அது. லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் உலகில் இது பல்லாண்டு காலமாகப் புழங்கும் வேடிக்கை. இந்த விபத்து அடிக்கடி நேர்ந்ததால், லினக்ஸில் பயன்படும் அழிப்புக் கட்டளையை எழுதியவர்கள் 2006இல் தானாகவே செயல்படும் ஒரு தடுப்பைச் சேர்த்தார்கள். வேரை நேரடியாகச் சுட்டி அழிக்கச் சொன்னால் அது மறுத்துவிடும்.

எங்கள் குழுவுக்கு வந்த வரியில் வேரைக் குறிக்கும் கோட்டுக்குப் பின்னால் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. அந்தக் குறி இருந்தால், வேருக்கு அடியிலுள்ள ஒவ்வொரு கோப்புறையின் பெயரும் தனித்தனியாக விரிந்துவிடும். வேர் என்ற சொல்லே வராததால் தடுப்பு விழிக்காது. யாரோ, எப்போதோ, தடுப்பு இருப்பதை அறிந்தே அதைச் சுற்றிப் போக வழி செய்திருக்கிறார்கள்.

பெயர்கள் விரிவது அகரவரிசையில். பயனர்களின் கோப்புகள் இருக்கும் ‘ஹோம்’ முன்னால் வருகிறது. செருகிய பென் டிரைவ்கள் தோன்றும் ‘மீடியா’ அதற்குச் சற்றுப் பின்னால் வருகிறது. இடையில் நிறுத்தியிருந்தால் பென் டிரைவாவது தப்பியிருக்கும். காப்பு நகல் எடுக்கச் செருகிய பென் டிரைவும் சேர்ந்து அழிந்ததற்கு அந்த வரி மட்டும் காரணமில்லை, அதன்கீழ் வந்த தமிழ் வாக்கியமும் காரணம்.

அனுப்பியவர்

அவர் கொருக்குப்பேட்டைக்காரர். பொறியியல் இறுதியாண்டு. அப்பா டீக்கடை வைத்திருக்கிறார், குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். குழுவில் பலருக்கும் பொறுமையாகப் பதில் சொல்லியிருப்பவர். கொடியவர் ஒருவரைத் தேடி நான் போகவில்லை, கிடைக்கவும் இல்லை.

மறுநாள் காலை சந்தித்தபோது அவர் முதலில் சொன்னது: “எனக்கும் இதையே செய்தார்கள், அண்ணா. ஒரு நிமிடத்தில் எல்லாம் திரும்பி வந்துவிட்டது.” அவருடைய கல்லூரி ஆய்வகத்தில் மாணவர்களுக்கு மெய்நிகர் கணினிகள், அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகள், உண்டு. முதலாண்டில் சீனியர்கள் அவரை இதே வரியை இடவைத்தார்கள், எல்லாம் போயிற்று, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், பிறகு சேமித்துவைத்த நிலைக்குக் கணினியைத் திருப்பினார்கள். அவருக்கு அது லினக்ஸ் உலகுக்குள் நுழைந்ததன் அடையாளமாகவே நினைவில் நின்றது. தான் பெற்ற சிரிப்பை இன்னொருவருக்கும் கொடுப்பதாக எண்ணியிருக்கிறார். அழித்தது திரும்பாத கணினி ஒன்று இருக்கும், அதைத் தவிர வேறு கணினியே இல்லாத அறை ஒன்று இருக்கும் என்பது அவர் கணக்கிலேயே வரவில்லை. அந்த அறை அவர் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில்தான் இருந்தது.

நட்சத்திரக் குறி எதற்காக என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். கைபேசியில் சுற்றிக்கொண்டிருந்த நகைச்சுவைப் படம் ஒன்றிலிருந்து அந்த வரியை எடுத்திருந்தார். அப்படியானால், படிக்காமல் ஒரு வரியை நகலெடுத்தவர்கள் அந்த இரவில் இரண்டு பேர். ஒருவர் தன் கணினியில் இட்டார், மற்றவர் பிறர் கையில் கொடுத்தார்.

நான் எடைபோட்டது அந்த வரியை விட அதற்கடுத்த வாக்கியத்தை. வரி கடன் வாங்கியது. “இடையில் நிறுத்தாதீர்கள்” அவருடைய சொந்தச் சொற்கள். ஏன் சேர்த்தீர்கள் என்று கேட்டபோது வெகுநேரம் பேசாமல் இருந்தார். “அப்படிச் சொன்னால்தான் உண்மை மாதிரி இருக்கும் என்று தோன்றியது” என்றார் கடைசியில். நம்பவைப்பதற்காக எழுதப்பட்ட ஒரு வாக்கியத்தை, நம்பியவர்மேல் பழி போடுவதற்கு முன் நாம் மறுபடி படிக்க வேண்டும்.

படித்துப் பார்த்திருக்க வேண்டாமா?

குழுவில் இரண்டு மூன்று பேர் இதைச் சொன்னார்கள். புரியாத கட்டளையை நிர்வாகி உரிமையோடு இடுவது அவர் தவறுதானே என்றார்கள். இந்தக் கேள்விக்கு நான் நேர்மையாகப் பதில் தேடினேன், ஏனென்றால் வகுப்பில் நானும் அதையே சொல்லிவந்தவன்.

அந்த வரியைப் படித்துப் புரிந்துகொள்ளும் அறிவு இருந்திருந்தால் அவர் அந்தக் கேள்வியையே கேட்டிருக்கமாட்டார். கட்டளைகளின் கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. அந்த ஆங்கிலம் ஆங்கிலவழியில் படித்தவர்களையே திணறடிக்கும். என் வகுப்பின் முதல் ஆறு வாரங்களில் அவர் செய்ததெல்லாம், நான் கரும்பலகையில் எழுதியதை அப்படியே தட்டச்சு செய்ததுதான். எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறோம். காசிமேட்டில் முதல்முறை படகேறும் பையனுக்குக் கயிற்றை எங்கே பிடிப்பது என்று மூத்தவர் சொன்னால் அவன் பிடிக்கிறான். அவர் சொல்வது சரியா என்று சோதிக்க அவனிடம் எந்த அளவுகோலும் கிடையாது. கற்பவர் கீழ்ப்படிவது அவருடைய குறை ஆகாது, கற்பிக்கிறவர்கள் முதலில் கேட்டு வாங்குவதே அதைத்தான்.

எனக்கு இன்னொன்றும் பிறகுதான் உறைத்தது. அந்தப் பதிலில் அவருக்கு முழுதாகப் புரிந்தது தமிழில் இருந்த வாக்கியம் மட்டுமே. அக்கறையோடு ஒருவர் தாய்மொழியில் எச்சரிக்கிறார் என்று எடுத்துக்கொண்டார். புரியாத பகுதியை, புரிந்த பகுதியின் பேரில் நம்பினார்.

பழைய தடங்கள்

இந்தச் சிரிப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. 1982இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பகுதியில் ரிச் ஸ்க்ரென்டா என்ற பதினைந்து வயது மாணவர், ஆப்பிள் 2 கணினிகளில் பரவும் ‘எல்க் குளோனர்’ என்ற வைரஸை எழுதினார். ஐம்பதாவது முறை கணினியைத் தொடங்கும்போது திரையில் ஒரு குறும்புக் கவிதை வரும், அவ்வளவுதான். அதற்கு முந்தைய கதைதான் என்னை உறுத்துகிறது. நண்பர்களுக்குக் கொடுக்கும் விளையாட்டு வட்டுகளில் அவர் ஏதாவது குறும்பு செய்துவைப்பது வழக்கம். நாளடைவில் நண்பர்கள் தங்கள் வட்டுகளை அவரிடம் தருவதை நிறுத்திவிட்டார்கள். அவர் கை படாமலேயே பரவும் நிரல் அதன்பிறகுதான் பிறந்தது.

1987 டிசம்பரில் ஜெர்மனியின் கிளவுஸ்தால் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் எழுதிய கிறிஸ்துமஸ் வாழ்த்து நிரல், திரையில் ஒரு மரத்தை வரைந்து காட்டியபடியே, பெறுநரின் முகவரிப் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் தன்னை அனுப்பிக்கொண்டது. ஐபிஎம் நிறுவனத்தின் உள்வலை வரை அது போய் அடைத்தது. அந்தக் கோப்பின் உள்ளே ஒரு குறிப்பு இருந்தது: இதைப் படித்துப் பார்ப்பதில் எந்தச் சுவையும் இல்லை, பெயரைத் தட்டச்சு செய்தால் போதும் என்ற பொருளில். எங்கள் குழுவில் வந்த “இடையில் நிறுத்தாதீர்கள்” அந்தக் குறிப்புக்கு உடன்பிறப்பு. படிக்காதே, ஓட்டு, ஓடும்போது தடுக்காதே.

மறுபக்கமும் உண்டு. 2019இல் ஜப்பானில், ஒரு செய்திப் பெட்டி மூடமூடத் திரும்பத் திரும்பத் தோன்றும் பக்கத்துக்கு இணைப்புப் பகிர்ந்ததற்காகப் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருவரை ஹியோகோ மாகாணக் காவல்துறை விசாரித்தது. உலாவியின் அந்தத் தத்தலை (டேப்) மூடினால் முடிந்துபோகும் விஷயம் அது. நிரலாளர்கள் பலர் அதைக் கடுமையாகக் கண்டித்தார்கள், நானும் அவர்கள் பக்கம்தான். ஜன்னலைத் தட்டிவிட்டு ஓடுவதும் வீட்டைக் கொளுத்துவதும் ஒன்றாகாது. பதின்மூன்று குறிகளில் ஒரு கணினியைத் திணறவைத்து நிறுத்தும் வரி ஒன்றும் இருக்கிறது. கணினியை அணைத்துத் தொடங்கினால் சரியாகிவிடும். அதை நான் வகுப்பிலேயே, முன்கூட்டிச் சொல்லி, மெய்நிகர் கணினியில் ஓட்டிக் காட்டுகிறேன். பிள்ளைகள் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள், அந்தச் சிரிப்பில் யாரும் எதையும் இழப்பதில்லை.

வழக்கு

மாணவியின் அப்பா துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். அவர்தான் கேட்டார்: “போலீசுக்குப் போகலாமா, சார்?”

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கணினிக்கோ அதிலுள்ள தரவுக்கோ சேதம் செய்வதோடு, சேதமாகக் காரணமாக இருப்பதையும் சேர்த்தே பேசுகிறது, இழப்பீடு கேட்கலாம். அதே செயலை நேர்மையற்ற நோக்கத்தோடோ மோசடியாகவோ செய்திருந்தால் 66ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விரலை அசைத்தது மாணவிதான் என்பதாலேயே அனுப்பியவர் பொறுப்பிலிருந்து நழுவிவிட முடியாது என்பது என் புரிதல். விளையாட்டாகச் செய்தது நேர்மையற்ற நோக்கம் ஆகுமா என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும்.

இவற்றைச் சொன்னேன். அவர் மகளைப் பார்த்தார். மகள் வேண்டாம் என்றார். இறுதியாண்டு மாணவர்மீது வழக்கு விழுந்தால் என்ன ஆகும் என்று எங்கள் பகுதியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. “தெரியாமல் செய்திருந்தால் விட்டுவிடலாம், சார். சிரித்துக்கொண்டே செய்திருக்கிறார்களே, அதுதான் ஆறவில்லை” என்றார் அப்பா. அந்த இளைஞர் அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குப் போய் நின்றார். நான் உடன் போகவில்லை. என்ன பேசினார்கள் என்று கேட்கவும் இல்லை.

மீட்டதும் மீளாததும்

ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் தரவை மீட்க ஆறாயிரம் ரூபாய் கேட்டார். கூடவே, உடனே அணைத்தது நல்லதாயிற்று, இனி அந்த டிஸ்க்கில் எதையும் எழுதாதீர்கள் என்று நல்ல யோசனையும் சொன்னார். நாங்களே முயன்றோம். வேறொரு கணினியில் டிஸ்க்கை இணைத்து, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டினோம். இரண்டு இரவுகள் அந்த இளைஞர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

பென் டிரைவ் பெரும்பாலும் பெயர்களோடே திரும்பி வந்தது. அதன் பழைய கோப்பு முறையில், அழிக்கும்போது பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் ஒரு குறியை வைத்து, இடம் காலி என்று எழுதிக்கொள்வதோடு சரி. ஆனால் லினக்ஸ் கோப்பு முறையில், ஒரு கோப்பு டிஸ்க்கில் எங்கே கிடக்கிறது என்ற குறிப்பே துடைக்கப்பட்டுவிடும். படங்களின் உள்ளடக்கத்தை மட்டும் துழாவி எடுக்கலாம், பெயரும் கோப்புறையும் வராது. பென் டிரைவுக்குப் போய்ச் சேராத 17 பிள்ளைகளின் சான்றிதழ்கள், ஆயிரக்கணக்கான எண்ணிட்ட படங்களுக்கு நடுவே கலந்து கிடந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து, யாருடையது என்று அடையாளம் கண்டு, மறுபடி பெயரிட வேண்டியிருந்தது. இரண்டு குடும்பங்களின் காகிதங்கள் கிடைக்கவே இல்லை. அதில் ஒரு பிறப்புச் சான்றிதழின் மூலம் பூஞ்சையில் போனது. கணக்குத் தாள்களில் 70 பக்கம் போல மிஞ்சியது.

குழுவில் நான் செய்த மாற்றம் ஒன்றே ஒன்று: கட்டளை அனுப்புபவர் அது என்ன செய்யும், எதை அழிக்கும் என்று அதற்குக் கீழே தமிழில் எழுத வேண்டும். எழுத முடியாதவர் அனுப்பக் கூடாது. சிரித்த பதினொரு பேரில் ஒன்பது பேர் என்னிடம் தனியாகப் பேசினார்கள். நானும் அவர்களிடம் ஒன்றைச் சொன்னேன். ஆறு மாதம் முன்பு இதே போன்ற வரி குழுவில் வந்தபோது, முதல் சிரிப்பு எமோஜி நான் போட்டதுதான். இது இங்கே செல்லும் என்று அந்த இளைஞர் எங்கிருந்து கற்றார் என்பதற்கு அந்தப் பழைய செய்தி இன்னும் என் கைபேசியில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மையத்துக்கு வருகிறார். மாணவியின் பழைய கைப்பிரதிகளையும் பிள்ளைகளின் நோட்டுகளையும் பார்த்து, போன பாடங்களைத் தட்டச்சு செய்கிறார். இப்போது முக்கோணவியல் நடக்கிறது. அவர் மூன்று படிகளில் முடித்துவிடும் கணக்கை மாணவி திருப்பிக் கொடுக்கிறார், ஏழு படிகளாக எழுதச் சொல்லி. ஒவ்வொரு மாலையும் இரண்டு பென் டிரைவ்களில் நகல் எடுத்து, ஒன்று என் வீட்டுக்கும் ஒன்று மாணவியின் வீட்டுக்கும் போகிறது.

மாணவி வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகவில்லை. வருகிற செய்திகளைப் படிக்கிறார் என்பது நீலக் குறியில் தெரிகிறது. அந்த ஆகஸ்டு இரவுக்குப் பிறகு அங்கே அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.